கர்ப்பத்தின் தொடக்க கால உதிரப்போக்கு

கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களுக்குள் இரத்தம் படுவது தொடக்க கால உதிரப்போக்கு எனப்படும். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது நேர்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கர்ப்பம் தொடர்கிறது. ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்துவிட்டால் நம்பிக்கை இன்னும் கூடும். எனவே கறை கண்டதுமே கரு போய்விட்டதென முடிவுகட்டுவது தவறு. அப்படியே கலைந்தாலும் பழியை அந்தப் பெண்ணின் மேல் போடுவது அதைவிடப் பெரிய தவறு. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதி, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. அந்தப் பிசகு பெரும்பாலும் கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுகிறது. பிறகு தின்ற பழுத்த பப்பாளியோ, செங்கோட்டைக்குப் பஸ்ஸில் போனதோ, சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்ததோ அதை உண்டாக்க முடியாது.

அசையாமல் படுத்திருந்தே பிள்ளையைக் காப்பாற்றியவர்கள் ஊருக்கு ஊர் உண்டே என்று கேட்கலாம். படுக்காமல் இருந்திருந்தாலும் அவர்களில் பெரும்பாலோரின் கரு நிலைத்திருக்கும். படுக்கை ஓய்வு கருச்சிதைவைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றே 2005ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. புரொஜெஸ்டிரோன் மருந்தும் எல்லாருக்கும் பொருந்தாது. 2019இல் வெளியான பிரிட்டனின் ‘பிரிசம்’ ஆய்வில் 4,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். முன்பே கரு கலைந்து இப்போது இரத்தமும் படுபவர்களுக்கே அதில் பயன் தென்பட்டது. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பற்றிய கேள்வி இன்னும் கனமானது. புகையிலைத் தூளைக் கையாள்பவர்களின் உடலில் நிக்கோட்டின் சேர்வது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. அதில் தீங்கு இருக்குமானால், அது வேலை நடக்கும் விதத்தின் குற்றமே தவிர, சுற்றுகிறவளின் குற்றமாகாது.

பழி சொல்வதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பேச்சுக்கு அஞ்சும் பெண் இரத்தம் பட்டதை மறைப்பாள். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருக்குழாயில் தங்கிவிடுகின்றன. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒருபக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம், துணி நனையும் போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைத்துத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை போன்ற, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும். கறை மட்டும் என்றாலும் ஸ்கேன் பார்க்க வேண்டும். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கரு கலைந்தவருக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் வகுத்தது. 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் அதை வீட்டிலிருந்து பீடி சுற்றுவோருக்கும் நீட்டியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஆறு வாரம் இருக்கிறது.