மேதைகளை அளந்தவர்கள் – 9: கிளாட்ஸ்டனின் தலை

அமெரிக்க உளவியலாளர் டெர்மன் 1921இல் கலிஃபோர்னியாப் பள்ளிகளில் மேதைக் குழந்தைகளைச் சலித்தெடுத்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ஆங்கிலேய விஞ்ஞானி கால்டன் குறுக்கே நிற்கிறார். இப்படியொரு ஆளை அரைப் பக்கத்தில் அனுப்பிவைக்க மனம் வரவில்லை.

எதைக் கண்டாலும் எண்ணுவார் மனுஷர். கூட்டத்தில் பேச்சு சலிப்புத் தட்டினால் எத்தனை பேர் நெளிகிறார்கள் என்று கணக்கெடுப்பார். தெருவில் எதிர்ப்படும் பெண்களை அழகி, சுமார், அழகில்லை என்று பிரித்து, பைக்குள் சிலுவை வடிவக் காகிதம் ஒன்றை வைத்துக்கொண்டு ஊசியால் குத்தியபடியே நடப்பார். லண்டன் முதலிடம், அபர்டீன் கடைசி! இதை விஞ்ஞானம் என்று வேறு நம்பினார்.

அதே கைதான் 1869இல் ‘பரம்பரை மேதைமை’யை எழுதியது. பத்து லட்சம் பேரில் 250 பேர்தான் மேன்மக்கள் என்று முதலில் கோடு போட்டார். யார் அந்த 250? ஊரறியப் பேர் வாங்கியவர்கள். பேர் வாங்கியவன் திறமைசாலி, திறமைசாலி பேர் வாங்கியே தீருவான்: அவருடைய வாதம் மொத்தமும் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றுகிறது. 1660 முதல் 1865 வரையிலான 286 இங்கிலாந்து நீதிபதிகளை எடுத்துப் பார்த்தார். ஒன்பதில் ஒருவருக்கு மேல் இன்னொரு நீதிபதிக்கு அப்பனாகவோ, பிள்ளையாகவோ, உடன்பிறந்தவனாகவோ இருந்தார்கள். ரத்தம் பேசுகிறது என்றார். சிபாரிசு பேசியிருக்காதா? மாமன் வக்கீல், மச்சான் மந்திரி என்றிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு நாற்காலி கிடைப்பதில் மேதைமைக்கு என்ன வேலை? டார்வினுக்கே உறவுக்காரரான கால்டனுக்கு இது உறைக்கவே இல்லை.

1884இல் லண்டன் சுகாதாரக் கண்காட்சியில் கூடம் அமைத்து, ஆளுக்கு மூன்று பென்ஸ் வாங்கிக்கொண்டு உயரம், எடை, பிடிவலு, மூச்சு, பார்வை என்று 9,337 பேரை அளந்தார். நான்கு முறை பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனும் அவரிடம் அளந்துகொண்டவர். தன் தலை பெரிது, தொப்பிக்காரர்களே சொல்வார்கள் என்று விடாமல் பெருமையடித்தாராம். வடிவான தலைதான், சுற்றளவு ஒன்றும் அப்படிப் பிரமாதமில்லை என்று கால்டன் பின்னாளில் எழுதிவைத்தார். நாடாண்டவரின் மகத்துவத்துக்கு நாடாவில் கிடைத்த தீர்ப்பு அவ்வளவுதான்.

கால்டனை நேருக்கு நேர் மடக்கியவர் ஜெனீவாவின் தாவரவியலாளர் அல்ஃபோன்ஸ் டி கண்டோல். அப்பாவும் பிள்ளையும்கூடத் தாவரவியலாளர்களே, கால்டனுக்கு வாகான சாட்சி! ஆனால் 1873இல் அவர் எழுதியது வேறு. பெரிய அறிவியல் கழகங்கள் வெளிநாட்டிலிருந்து யாரைச் சேர்த்துக்கொண்டன என்று எண்ணினார். சின்னஞ்சிறு சுவிட்சர்லாந்து எக்கச்சக்கமாக முந்தி நின்றது. பள்ளிக்கூடம், நூலகம், சிந்திக்கச் சுதந்திரம், மதத்துக்காக ஓடிவந்த படித்த குடும்பங்கள் என்று காரணங்களை அடுக்கினார். என் ஓட்டு அவருக்கு. கால்டனோ பதிலுக்கு ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளுக்கு நீண்ட வினாப்பட்டியல் அனுப்பினார். அதிலும் தொப்பியின் உள் சுற்றளவு கேட்டிருந்தார்.

டெர்மன் அடுத்த வாரம் வருகிறார். அவருடைய தேர்வில் தேறாமல், வளர்ந்து நோபல் பரிசு வாங்கிய இரண்டு பையன்களும் கூடவே.