கடல் பாலூட்டிகளில் தேங்கும் பிசிபி நஞ்சு

பிசிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல்கள், எளிதில் சிதையாத 209 செயற்கைச் சேர்மங்கள் அடங்கிய குடும்பம். திமிங்கிலம், ஓங்கில், கடல்நாய் ஆகியவற்றின் கொழுப்பில் ஆய்வாளர்கள் தொடர்ந்து கண்டுவரும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் இது ஒன்று. 1929இல் அமெரிக்காவில் இதன் வணிக உற்பத்தி தொடங்கியது. எளிதில் தீப்பற்றாது, மின்சாரத்தைக் கடத்தாது, வெப்பத்தில் கெடாது. இந்தக் குணங்களுக்காக டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயிலும் மின்தேக்கியிலும் பெயின்டிலும் கட்டடப் பூச்சுகளிலும் தாராளமாகச் சேர்த்தார்கள். உலகெங்கும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தியானது.

1966இல் ஸ்வீடன் வேதியியலாளர் சோரன் யென்சன், உயிரினங்களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் எச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மீனிலும் கழுகிலும் புரியாத வேறு சேர்மங்கள் தட்டுப்பட்டன. அவை பிசிபி என்று அவரே கண்டறிந்தார்.

இந்த நஞ்சு நீரில் கரைவது மிகக் குறைவு; கொழுப்பில் நன்றாகக் கரையும். மிதவை உயிரிகளிலிருந்து சிறு மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் கடல்நாய்க்கும் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் ஓர்கா என்ற கொலையாளித் திமிங்கிலம் அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது. வட பசிபிக்கில் சால்மன் மட்டும் தின்னும் ஓர்காக்களைவிட, கடல்நாய்களை வேட்டையாடும் ஓர்காக்களின் உடலில் பிசிபி கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். திமிங்கிலங்களின் உடலுக்கு இச்சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறனும் குறைவு.

ஆண் ஓர்காவின் உடலில் வாழ்நாள் முழுவதும் நஞ்சு ஏறிக்கொண்டே போகும். பெண்ணுக்கு அதை இறக்கிவைக்க ஒரு வழி உண்டு, அது தாய்ப்பால். கொழுப்பு மிகுந்த அந்தப் பாலோடு தாயின் உடலில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பிசிபியும் குட்டிக்குப் போகிறது. முதல் குட்டிக்கே பெரும்பங்கு. நோய் எதிர்ப்பாற்றலும் ஹார்மோன்களும் உருவாகிவரும் பருவத்தில் அந்தக் குட்டி இதைக் குடிக்கிறது. பிசிபி உற்பத்தி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துப் பிறக்கும் குட்டியும் இதிலிருந்து தப்புவதில்லை.

இதன் கொடுமையை உலகம் உணரச் செய்தது ஸ்காட்லாந்தின் லூலு. 2016 ஜனவரியில் டைரீ தீவில் ஒதுங்கிய இந்தப் பெண் ஓர்கா, மீன்பிடிக் கயிற்றில் சிக்கி இறந்திருந்தது. அதன் கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி இருந்தது. உடல் பாதிப்பு தொடங்கும் அளவாகக் கருதப்படுவதோ 9 மில்லிகிராம். வயது குறைந்தது இருபது இருக்கும். ஆனாலும் ஒருமுறைகூடக் கருவுற்றதற்கான அடையாளம் அதன் சூலகத்தில் இல்லை. லூலு இருந்த மேற்குக் கடற்கரைக் கூட்டத்தில், 1990களில் கண்காணிப்பு தொடங்கியதிலிருந்து ஒரு குட்டிகூடப் பதிவாகவில்லை. அண்மை ஆண்டுகளில் ஜான் கோ, அக்வேரியஸ் என்ற இரண்டு ஆண்கள் மட்டுமே கண்ணில் படுகின்றன.

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் முகத்துவாரத்து வெண்திமிங்கிலங்களில் சிலவற்றின் சடலங்களை அபாயக் கழிவு என்று சொல்லுமளவுக்கு பிசிபி சேர்ந்திருந்தது. வட கனடாவில் திமிங்கிலக் கொழுப்பும் கடல்நாய் இறைச்சியும் உண்ணும் இனுவிட் பழங்குடித் தாய்மாரின் பாலிலும் அது கண்டறியப்பட்டது. உற்பத்தியில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள் அவர்கள்.

வங்கக் கடலின் கதை சற்று வேறு. தமிழகக் கடலில் கிடைத்த ஓங்கில்களை ஜப்பான், இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவுகளில், பிசிபியை விஞ்சி முதலிடத்தில் நின்றது பயிருக்கும் கொசுவுக்கும் தெளித்த டிடிடி.

பிசிபிக்கு விதித்த தடைக்குப் பலன் இருக்கிறது. 1970களில் பால்டிக் கடல்நாய்கள் பலவற்றுக்குக் கருப்பை அடைபட்டு மலடாயின. மாசு குறைந்ததும் சாம்பல் கடல்நாய்களின் எண்ணிக்கை மீண்டும் பெருகியது. ஓர்காவுக்கு அந்த நம்பிக்கை மங்கலாகவே இருக்கிறது. உலகின் ஓர்காக் கூட்டங்களில் பாதிக்கு மேல் பிசிபியால் நலிந்துபோகக்கூடும் என்று 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு கணித்தது.

அமெரிக்கா 1979இல் உற்பத்தியைத் தடைசெய்தது. 2001இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பிசிபி உள்ள கருவிகளை 2025க்குள் பயன்பாட்டிலிருந்து நீக்கவும், கழிவை 2028க்குள் முறையாக அப்புறப்படுத்தவும் கெடு வைத்தது. பழைய டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கட்டடங்களிலும் குப்பைமேடுகளிலும் தங்கியிருக்கும் பிசிபியை அழிக்காதவரை, அது கடலுக்குக் கசிந்துகொண்டேதான் இருக்கும்.