நீலமலையில் மூக்களந்த கதை

உதகையில் பிரீக்ஸ் பள்ளியைப் பலரும் பார்த்திருப்போம். அப்பெயருக்குரிய ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் நீலகிரியின் முதல் ஆணையர். மலையின் பழங்குடியினரை ஒளிப்படங்களுடன் விவரிக்கும் அவரது நூல், அவர் மறைந்தபின் 1873இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வில்லியம் மார்ஷல் என்னும் படை அதிகாரியும் தோடரைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். மண்டையின் மேடுபள்ளங்களைக் கொண்டு மனிதரின் குணத்தைக் கணிக்கலாம் என்று நம்பியவர் அவர். (நம் ஜி.யு. போப் எழுதிய தோடமொழி இலக்கணம் இந்நூலில்தான் இணைந்துள்ளது. தமிழ் படித்த நமக்கு இது சற்றுச் சங்கடமே.)

பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவைக் கருவிகளுடன் தோடரையும் கோத்தரையும் ஆராய்ந்தார். 1896இல் அவ்வாய்வு அச்சேறியது. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்குவது அக்கால இனவியலாரின் கணக்கு. விடை 70க்குக் கீழென்றால் கூர்மூக்கு. 85ஐ எட்டினால் அகன்ற மூக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் எண் வருமுன்பே தீர்ப்பு வந்துவிட்டது. 1832இலேயே ஹார்க்னஸ் தோடரின் தோற்றத்தை வியந்து எழுதியிருந்தார். ரோமரின் வழியினரோ, யூதரின் வழியினரோ என்றெல்லாம் ஐரோப்பியர் ஊகித்தனர். தம்முடையதைப் போன்ற மூக்கு அவர்களுக்கு அழகாயிற்று. அதே மலையின் குறும்பப் பெண் அந்த ஏணியில் கீழ்ப்படிக்குப் போனாள்.

உயர்த்தப்பட்ட தோடப் பெண்ணை மட்டும் அவர்கள் சரியாகக் கண்டார்களா? வெண்ணெய் தடவிச் சுருட்டிய கூந்தல், பச்சை குத்திய புள்ளிகள், வெண்துணியில் சிவப்பும் கறுப்புமாய்த் தானே பின்னிய பூத்துக்குளி என அவளுக்கென்று ஓர் அழகு இருந்தது. அளவைக் கருவி அதை அளக்கவில்லை.

இன்று அந்தக் கருவி கணினிக்குள் இருக்கிறது. முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகமாகப் போனால் 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை. அன்று ட்விட்டர் எனப்பட்ட தளம், படத்தில் எப்பகுதியைக் காட்டுவதென்று தீர்மானிக்க ஒரு நிரலை வைத்திருந்தது. 2021இல் அதற்கென நடத்திய போட்டியில் முதற்பரிசு பெற்ற ஆய்வு, மெலிந்த, இளைய, வெளிர்ந்த முகங்களையே அந்நிரல் விரும்புவதாகக் காட்டியது. படங்களில் மனிதக் கண்கள் எங்கே நிலைத்தன என்ற தரவைக் கொண்டு பயிற்றப்பட்டது அது. ஹார்க்னஸின் கண்ணுக்கும் அதற்கும் தொலைவு அதிகமில்லை.

குன்னூர்த் தேயிலைத் தோட்டத்து மாணவி ஒருத்தி, கல்லூரி விழாவில் எடுத்த தன் படத்தை நம்மிடம் காட்டினாள். நிறம் வெளுத்து, தாடை சிறுத்திருந்தது. “நான் ஒண்ணும் மாத்தல சார், போனே மாத்திடுச்சு” என்றாள். பிறகு, “அம்மா இதத்தான் பெரிசாப் போட்டு மாட்டணும்ங்கறாங்க” என்றாள்.