பெயர் தவறாத தேடல்: யூத நினைவு நூல்களும் இணையமும்

1. நூல்களின் இயல்பு

நாஜிகளால் அழிக்கப்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூத ஊர்களின் நினைவாக, உயிர்தப்பியவர்களும் முன்பே புலம்பெயர்ந்திருந்த ஊரார் சங்கங்களும் தொகுத்தவை யிஸ்கோர் நூல்கள். லோட்ஸ் நகருக்கான நூல், போர் முடியுமுன்னரே 1943இல் நியூயார்க்கில் வெளிவந்தது. பின்வந்தவற்றுள் பெரும்பாலானவை இத்திஷ், எபிரேய மொழிகளில் அமைந்தவை. ஊராருக்கென்றே குறைந்த அளவில் அச்சிட்டதால் படிகள் அரிதாயின. ஊர் வரலாறு, கையால் வரைந்த வரைபடம், அழிவின் சாட்சியம், இறந்தோர் பட்டியல் ஆகியன இவற்றின் உறுப்புகள். புதைத்த இடம் அறியப்படாத பலருக்கு அப்பட்டியலே கல்லறைக் கல்.

2. படிமத்திலிருந்து எழுத்துக்கு

நியூயார்க் பொது நூலகமும் ஆம்ஹர்ஸ்டிலுள்ள இத்திஷ் நூல் மையமும் நூற்றுக்கணக்கான நூல்களைப் பக்கப் படிமங்களாக இணையத்தில் இட்டுள்ளன. படிமத்தைப் படிக்கலாம், அதனுள் சொல்லைத் தேட, படிமத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி வேண்டும். அதற்கோ தடைகள் உண்டு: தாலெத், ரேஷ் என்னும் எபிரேய எழுத்துகள் ஒரு சிறு முனையளவே வேறுபடுபவை. மங்கிய அச்சில் அதுவும் மறையும். அசாஃப் உரியெலி உருவாக்கிய இத்திஷ் எழுத்துணரி, அம்மையத்தின் நூல்களுக்குள் சொல் தேட வழி திறந்தது.

3. ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும்

இன்றைய பெலாரசின் பிரெஸ்ட் நகரம் இத்திஷில் பிரிஸ்க். போலந்து மொழியில் வேறு வடிவம். இவையனைத்தையும் ஒரே ஊராக இணைக்கும் அட்டவணை இன்றியமையாதது. மொஸ்கோவிட்ஸ் என்னும் பெயரை இலத்தீன் எழுத்தில் ‘வி’ இட்டும் ‘டபிள்யூ’ இட்டும் எழுதுவர். ஒலிப்பை வைத்துப் பெயர்களுக்குக் குறியீடு தரும் பழைய சவுண்டெக்ஸ் முறை அவற்றுக்கு வெவ்வேறு குறியீடு தந்தது; 1985இல் உருவான டைச்–மோகோடாஃப் முறை ஒரே குறியீடு தருகிறது.

4. பட்டியலுக்குத் தனி முறை

தொடர் உரையில் எழுத்துணரி ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் அச்சொல் வேறு பக்கத்தில் அகப்படலாம். பட்டியலிலோ ஒருவர் பெயர் பெரும்பாலும் ஒரே முறைதான் வரும். அங்கே ஓரெழுத்துப் பிழை, அவரைத் தேடுவோர் கண்ணிலிருந்தே நீக்கிவிடும். எனவே பட்டியல்களை மனிதரே எழுத்துப்பெயர்க்க வேண்டும். யூதக் குடும்ப வரலாற்றுத் தளமான ஜூயிஷ்ஜென் 1994இல் தொடங்கிய யிஸ்கோர் நூல் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு இறந்தோர் பெயர்த் தரவுத்தளத்தை உருவாக்கியுள்ளது. எபிரேய வடிவில் உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படாமையால் ஒரு பெயரைப் பலவாறு வாசிக்க இயலும். ஆகவே இலத்தீன் வடிவத்துடன் மூல எழுத்தும் பக்கப் படிமமும் சேர்ந்தே இருத்தல் வேண்டும்.

5. முடிவு

எத்தனை பக்கங்கள் ஏற்றப்பட்டன என்பது இப்பணிக்கு அளவுகோல் ஆகாது. முன்னோர் மொழி அறியாத பேரப்பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்தில் அவர்கள் பெயரைத் தட்டினாலும் உரிய பக்கத்தை அடைய வேண்டும். ஆதலால் ஒவ்வொரு நூலிலும் முதலில் திறக்கப்பட வேண்டியது இறந்தோர் பட்டியலே.