துலா மிதித்த கால்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. எனினும், இம்மண்ணின் புகையிலை திருவிதாங்கூர் வரை சென்று விலைபோயிற்று. அதற்கு ஆதாரமாய் நின்றது கிணறு. அரசரின் போர்களை ஆண்டு பிசகாமல் ஒப்புவிக்கும் நாம், அக்கிணற்றின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது குறைவு.

காங்கேசன்துறைப் பகுதியில் செம்பாட்டு மண்ணின் கீழே சுண்ணக்கல் பரந்து கிடக்கிறது. மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் மிதக்கிறது. கீரிமலையிற் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுவது இச்சுண்ணக்கல்லின் பயன். நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்போர் கண்ட கணக்கு. மேல்மட்டம் ஓரடி தாழுமாயின், உவர்நீர் 40 அடி மேலெழும். ஆகவே, ஆழத் தோண்டி மிகுதியாய் இறைப்பவன் தன் கிணற்றுக்குத் தானே உப்பைக் கூட்டுகிறான்.

இயந்திரம் வருமுன் இறைப்பு முழுவதும் மனித உழைப்பே. ஆடுகாலில் நின்றாடும் துலாவின் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கிணற்று வாயில் நிற்பவர் பட்டையைக் கவிழ்ப்பார். தோட்டத்தில் நிற்பவர் வாய்க்காலை மறித்துப் பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றுவார். காணி பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது கிணறும் பங்காயிற்று. உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன. பங்காளர் முறை வைத்து இறைத்தனர்.

இந்தப் பங்கில் இடம்பெறாதோர் யார்? சுண்ணக்கல்லை அலவாங்கால் உடைத்துக் கிணறு வெட்டியவரும், கூலிக்குத் துலா மிதித்தவருமான ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களின் கால்வலியில் மேலெழுந்த நீரை, அவர்கள் தம் கையால் அள்ளல் தீட்டெனப்பட்டது. ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் இருந்தன. அடிமைமுறை 1844இல் ஒழிந்தது. கிணற்றுக்கட்டின் தீண்டாமை ஒழியவில்லை. குடத்தோடு காத்திருந்து, பிறர் ஊற்றினால் மட்டுமே நீர் பெற்ற தாய்மாரின் துயர் எந்த உறுதியிலும் பதியப்படவில்லை. 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆயினும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் போராடியே தீரவேண்டியிருந்தது. சட்டம் கதவைக் காட்டிற்று, திறந்தது போராட்டமே.

பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் பரவித் துலாவை ஓய்வித்தது. முதுகெலும்பு நிமிர்ந்தது நன்றே. ஆனால் மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறிற்று; இயந்திரம் களைப்பதில்லை. கரையோரக் கிணறுகள் உவர்த்தன. மிகுதியான உரத்தாலும் மலக்குழிக் கசிவாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று பாதுகாப்பு எல்லையைத் தாண்டியது. 1950இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை பலருக்கு வேலை தந்தது. அதே வேளை, நன்னீரைத் தாங்கும் சுண்ணக்கல்லையே அகழ்ந்தது. 1990இல் போர் தொழிற்சாலையையும் ஊரையும் ஒருங்கே வெறுமையாக்கியது. உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட கிணறுகள் தூர்ந்தன.

2009இன் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மீண்டவர்கள் முதலில் தேடியது கிணற்றையே. கிணற்றை இறைத்து, மின்பம்பி பூட்டி, வீட்டுத்தோட்டம் அமைக்கும் அவர்களுக்குப் பழைய வரலாறு இரு பாடங்களைத் தருகிறது. முதலாவது, அளவு: சிறிய பம்பி, குறுகிய நேர இறைப்பு, மலக்குழிக்குத் தூரம், கூரைநீரை நிலத்துக்கே திருப்பும் குழி. இரண்டாவது, பங்கு: நிலத்தின் கீழுள்ள நீருக்கு வேலியில்லை. ஒருவன் மிகையாக இறைத்தால் அயலவன் கிணறும் உவர்க்கும். வேலிக்கு அப்பாலுள்ளவன் எந்தச் சாதியினன் என்று உப்பு கேட்பதில்லை.

நீர் பொதுவென்பதை இயற்கை என்றோ எழுதிவிட்டது. அதை நம் உறுதிகளிலும் உள்ளங்களிலும் எழுதுவதே எஞ்சியுள்ள பணி.