டிரைவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால் காரின் பேலன்ஸ் மாறுமா? எளிய விளக்கம்

நம்ம ஊர் கார்களில் ஸ்டியரிங் வலது பக்கம். தனியாக ஓட்டும்போது டிரைவரின் மொத்த எடையும் அந்தப் பக்கம்தான் விழுகிறது. அப்படியென்றால் கார் ஒரு பக்கம் இழுக்காதா?

கணக்கு என்ன சொல்கிறது?

1,000 கிலோ எடையுள்ள காரில் 70 கிலோ டிரைவர், நடுக்கோட்டிலிருந்து 35 செ.மீ. தள்ளி உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரின் எடை மையம் சுமார் 2 செ.மீ. மட்டுமே வலது பக்கம் நகரும். சாதாரண வேகத்தில் இது நமக்குத் தெரியவே தெரியாது. நேர் ரோட்டில் கார் ஒரு பக்கமாக இழுத்தால், டயர் காற்றையும் வீல் அலைன்மென்ட்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரேஸில் மட்டும் ஏன் கவனிக்கிறார்கள்?

வலப்பக்கம் திரும்பினால் எடை இடப்பக்க டயர்களுக்குப் போகும். இடப்பக்கம் திரும்பினால் நேர் எதிர். ரேஸ் கார்கள் டயர் பிடிப்பின் எல்லையில் ஓடுவதால் சில கிலோ வித்தியாசம்கூட முக்கியம். அமெரிக்காவின் நாஸ்கார் ஓவல் டிராக்குகளில் இடது வளைவுகள்தான். அதனால் டிரைவர் உட்காரும் இடப்பக்கத்திலேயே அதிக எடை வைக்கிறார்கள். வளைவில் வலது டயர்கள் மீது விழும் பாரம் குறைகிறது. 1992-ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காரில், வடிவமைப்பாளர் கோர்டன் முர்ரே டிரைவர் சீட்டை நட்டநடுவிலேயே வைத்துவிட்டார்!

நாம் எதில் உஷாராக இருக்கணும்?

பக்கத்தை விட உயரம்தான் ஆபத்து. அதே காரின் மேல் கேரியரில் 60 கிலோ லக்கேஜ் ஏற்றினால், எடை மையம் 5 செ.மீ.க்கு மேல் உயரும். மலைப்பாதை வளைவில் கார் அதிகமாகச் சாயும், கவிழும் வாய்ப்பும் கூடும். டிக்கியில் ஓவர் லோடு ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, முன் டயர்களின் பிடிப்பு குறையும். ஸ்டியரிங் லேசாகிவிடும். ஹெட்லைட் வெளிச்சமும் மேலே ஏறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

* கனமான பெட்டிகளை டிக்கியின் அடியில், பின் சீட்டை ஒட்டி வையுங்கள். மேல் கேரியரில் லேசான பொருட்கள் மட்டும் போதும்.
* தனியாகப் போனால், கனமான பையை டிரைவருக்கு எதிர்ப்பக்கம் வைக்கலாம்.
* ஃபுல் லோடுக்கான டயர் காற்றழுத்தம் பெரும்பாலும் டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும். அதன்படி காற்று அடியுங்கள்.
* ஹெட்லைட் லெவலிங் பட்டன் இருந்தால் வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள்.

லோடு ஏறிய கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் பாதுகாப்பு.