காயவரலாற்று மதிப்பீடு

காயவரலாற்று மதிப்பீடு என்பது, தொழில்முறை அணியொன்று ஒரு வீரரை ஒப்பந்தம் செய்யுமுன் அவருடைய பழைய காயங்களையும் அவை மீளும் வாய்ப்பையும் ஆராயும் விளையாட்டு மருத்துவ நடைமுறை. சத்திரசிகிச்சைப் பதிவுகள், எம்.ஆர்.ஐ. படங்கள், மூட்டுச் சோதனை, இதயப் பரிசோதனை ஆகியன இதில் அடங்கும்.

இதன் மிக விரிவான வடிவம் அமெரிக்கக் கால்பந்தில் காணப்படுகிறது. இண்டியானாபொலிஸில் 1987 முதல் நடைபெறும் தெரிவு முகாமில் தொழில்முறை லீக்கின் 32 அணிகளின் மருத்துவர்கள் இளம் வீரர்களைச் சோதிக்கின்றனர். ஒரே முழங்காலைப் பல அணி மருத்துவர்கள் மடக்கி நீட்டிப் பார்ப்பதுண்டு. ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்களில் இம்மதிப்பீடு ஒப்பந்தத்துக்கு முந்திய மருத்துவச் சோதனையாக அமைகிறது.

இலங்கையில் இதற்கு நெருங்கிய களம் கிரிக்கெட். தேசிய அணித் தெரிவில் 2 கிலோமீற்றர் ஓட்டமும் தோல்மடிப்புக் கொழுப்பளவும் கணக்கிடப்பட்டுள்ளன. இவை உடற்தகுதியைக் காட்டுமேயன்றிக் காயவரலாற்றைக் காட்டா. வீரர்கள் ஏலத்தில் வாங்கப்படும்போதும் காயம் முக்கியமாகிறது. உள்நாட்டு இருபது ஓவர் தொடரான லங்கா பிரீமியர் லீக்கின் முதல் வீரர் ஏலம் 2023 ஜூனில் கொழும்பில் நடந்தது. அதில் அதிக விலை பெற்றவர் வேகப்பந்து வீச்சாளர் டில்ஷான் மதுஷங்க. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியன் பிரீமியர் லீக் (ஐ.பி.எல்.) ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ் அணி அவரை 4.6 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கியது. 2024 மார்ச்சில் ஏற்பட்ட தொடைத் தசைக் காயத்தால் அவர் அவ்வாண்டு ஐ.பி.எல். பருவத்தில் ஆடவில்லை. ஏலத்துக்குப் பின் நேரும் காயத்தை எந்த மதிப்பீடும் தடுக்காது.

குதிக்கால் காயத்தால் இலங்கைச் சகலதுறை வீரர் வனிந்து ஹசரங்கவும் அதே ஐ.பி.எல். பருவத்தில் விலக, அவருடைய அணியான சன்ரைசர்ஸ் ஐதராபாத் அவருக்குப் பதிலாக யாழ்ப்பாணத்துச் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்தைச் சேர்த்தது. வியாஸ்காந்தின் முதல் ஐ.பி.எல். ஆட்டம் 2024 மே 8இல் நடைபெற்றது.